கேட்காமலே நிராகரிக்காதீர்கள்: மின்னணு இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்னணு இசை விழாக்களையும் கிளப் இரவுகளையும் நடத்துகிறவர்களுக்கும், யாரை மேடையேற்றுவது என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

உங்களில் ஒருவர் "புதியவர்களுக்கான மேடை" என்று அறிவித்து வெளியிட்ட விண்ணப்பப் படிவம்தான் இந்த மடலை எழுத வைத்தது. அதில் பெயருக்கு அடுத்த கேள்வியே இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது. அதற்கடுத்து டிக்டாக். அதற்கடுத்து ஸ்பாட்டிஃபையில் மாதந்தோறும் கேட்பவர்களின் எண்ணிக்கை. அவர்கள் வைத்திருக்கும் வரம்புக்குக் கீழே ஓர் எண்ணை எழுதினால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. என் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது. வரம்பைத் தாண்டிய நண்பர் ஒருவர் அதே படிவத்தை நிரப்பியபோதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மிக்ஸின், அதாவது பல பாடல்களை ஒன்றோடொன்று கலந்து தயாரித்த ஒலிப்பதிவின், இணைப்பைக் கேட்கும் பெட்டி அங்கே இருந்தது. அதை நிரப்புவது கட்டாயமில்லை என்று பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது.

ஓர் இசை மேடைக்கான விண்ணப்பத்தில் இசை கட்டாயமில்லை, எண்ணிக்கை கட்டாயம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே ஒரு விழாவின் வழக்கம் என்றால் அவர்களுக்குத் தனியாக எழுதியிருப்பேன். சில ஆண்டுகளாக நான் அனுப்பும் விண்ணப்பங்களுக்கு வரும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கிறது. வேறொரு ஏற்பாட்டாளருக்கு ஒரு மணி நேர மிக்ஸை, வேறு யாருக்கும் தராத தனி இணைப்பில் அனுப்பினேன். "உங்கள் ஒலி எங்கள் மேடைக்குப் பொருந்தவில்லை" என்று பதில் வந்தது. அந்த இணைப்பை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்பதை என்னால் பார்க்க முடியும். ஒருமுறைகூட யாரும் திறக்கவில்லை. நிராகரிப்பு இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதைத் தாங்கத் தெரியாதவர் இதில் நிலைக்க முடியாது. ஆனால் கேட்காத ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அதை நிராகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமூக ஊடகத்தை விட்டு விலக வேண்டும் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. நானும் பயன்படுத்துகிறேன், அதனால் பெற்றதும் உண்டு. ஒரு டிராக்கின் (தனி இசைத்துண்டின்) பேஸ் எனப்படும் ஆழ்ந்த ஒலியை எப்படி அடுக்கினேன் என்று காட்டிய சிறு காணொளியின் கீழ் ஒருவர் கேள்வி கேட்டார். அந்த உரையாடல் நீண்டு, நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய டிராக்கைச் சிறிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒன்று வெளியிட்டது. அந்த லேபிளை நடத்துபவரும் அதே கருத்துப் பகுதியில்தான் எங்களைக் கண்டார். நேரில் ஒருபோதும் சந்தித்திருக்க முடியாத மனிதர்களை அந்தத் தளங்கள் என்னிடம் கொண்டுவந்தன. செய்முறையைப் பகிரவும், வெளியீட்டு நாளை அறிவிக்கவும், கேட்பவர்களோடு பேசவும் இதைவிட எளிய வழி இதற்கு முன் எந்தத் தலைமுறைக்கும் இருந்ததில்லை. ஒருவருடைய பக்கத்தைப் பார்த்து அவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் தெரிந்துகொள்வதிலும் தவறில்லை. அந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறீர்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்த எண் எதை அளக்கிறது? என் பக்கத்தில் மிக அதிகம் பேர் பார்த்த காணொளி, மிக்ஸர் என்ற ஒலி கலக்கும் கருவியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் ஒன்று கரகரத்தபோது அதைக் கழற்றித் துடைத்துச் சரிசெய்தது. அதைப் பார்த்துப் பின்தொடரத் தொடங்கியவர்கள் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் ஆர்வமுள்ளவர்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் அரங்குக்கு டிக்கெட் வாங்கி வரப்போகிறவர்கள் அவர்கள் இல்லை. உலகின் பல மூலைகளில் சிதறியிருக்கும் அவர்கள், அந்த இரவில் அந்த ஊரில் இருக்க வாய்ப்பே இல்லை. பின்தொடர்பவர்கள் எல்லாருக்கும் நம் பதிவு போய்ச் சேர்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2016இல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையைக் கைவிட்டு அல்காரிதம் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கு மாறியபோது, பயனர்கள் சராசரியாகத் தங்கள் பக்கத்துக்கு வரும் பதிவுகளில் 70 விழுக்காட்டைப் பார்க்காமலே விடுகிறார்கள் என்பதைத்தான் அந்த நிறுவனம் காரணமாகச் சொன்னது. எந்தப் பதிவு யார் கண்ணில் பட வேண்டும் என்பதை அன்றிலிருந்து அந்தத் தளம் தீர்மானிக்கிறது. நிகழ்ச்சி அறிவிப்பைப் போட்டால் அது நகர்வதில்லை, காசு கட்டி விளம்பரமாக்கினால் நகர்கிறது. என் அனுபவம் இது. உங்கள் சொந்தப் பக்கங்களிலும் இதையே பார்த்திருப்பீர்கள்.

ஸ்பாட்டிஃபை எண்ணிக்கைக்கும் இதே குறை உண்டு. கிளப்புக்காகச் செய்யப்படும் டிராக் பெரும்பாலும் தனி ஆள் காதில் மாட்டிக் கேட்பதற்கானது இல்லை. இன்னொரு டிஜே அதை பீட்போர்ட், பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்பனைத் தளங்களில் வாங்கி, தன் செட்டில் (மேடையில் தொடர்ந்து வாசிக்கும் தொகுப்பில்) வேறு இரண்டு டிராக்குகளுக்கு நடுவே இணைத்துப் போடுவதற்கானது. நிரம்பிய அரங்கில் அவர் அதைப் போட்டால் ஆயிரம் பேர் ஆடுவார்கள். கணக்கில் ஏறுவது ஒரே ஒரு பதிவிறக்கம். இதே துறையில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் அந்த எண்ணைக் கேட்பதுதான் வலிக்கிறது.

இப்போது காணொளியின் வடிவத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நொடிகளில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றுதான் எங்களுக்கு எல்லாரும் பாடம் நடத்துகிறார்கள். ஹவுஸ் அல்லது டெக்னோ என்ற நடன இசை வகையில் டிராக் ஒன்றின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய டிராக்கோடு கலப்பதற்கு இடம் வேண்டும் என்பதால் பலரும் 32 பார்களுக்கு (ஒரு பார் என்பது நான்கு பீட்) வெறும் தாளத்தையே ஓட விடுவார்கள். நிமிடத்துக்கு 128 பீட் வேகத்தில் 32 பார் என்பது சரியாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். ஹை-ஹாட் என்ற சிறு ஜால்ராவின் ஒலி நுழையும், ஒலியை வடிகட்டும் ஃபில்டர் கொஞ்சம் திறக்கும், எங்கோ ஓர் ஒலி எட்டிப் பார்த்து மறையும். ஆடுகிறவரின் உடல் அதற்குள் தாளத்துக்குப் பழகிவிடும், பிறகு பேஸ் இறங்கும்போது அரங்கே அசையும். காத்திருக்க வைப்பதில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. மூன்று நொடிக் கணக்கில் அதற்கு இடமே கிடையாது.

ஒலியின் நிலைமை இன்னும் மோசம். கிக் டிரம் என்ற ஆழ்ந்த தாள ஒலியின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அந்த ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. நாங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து கிக்குக்கும் பேஸுக்கும் இடையே சமநிலை கண்டிருப்போம். கைபேசியில் பார்ப்பவருக்கு அதில் ஒரு துளியும் கேட்காது. கைபேசியிலும் பேஸ் இருப்பதுபோல் தோன்றட்டும் என்று மேல் அதிர்வெண்களைக் கூட்டி, ஒலியைக் கொஞ்சம் சிதைத்துத் தனிப் பிரதி தயாரிக்கிறோம். அதே பிரதியைப் பெரிய ஒலி அமைப்பில் போட்டால் காது எரியும். உங்கள் அரங்கின் அடியில் வரிசையாக நிற்கும், ஆழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர் ஒலிபெருக்கிகளுக்கு நீங்கள் செலவழித்த பணத்தை நினைத்துப் பாருங்கள். அவற்றின் முன்னால் யாரை நிறுத்துவது என்பதை, அந்த அதிர்வுகள் துளியும் கேட்காத கருவியில் பார்த்து முடிவு செய்கிறீர்கள்.

அடுத்து, உங்களில் பலர் யோசித்துப் பார்க்காத ஒன்று. டிஜேயின் வேலை பிறருடைய இசைத்தட்டுகளைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று கலப்பது. நீங்கள் பணம் கொடுத்து அழைப்பது அதற்குத்தான். சமூக ஊடகங்கள் பொதுவாகத் தடுப்பதும் அதைத்தான். பிறர் டிராக்குகள் அடங்கிய செட்டை ஏற்றினால், யூடியூபில் 2007 முதல் இயங்கும் கன்டென்ட் ஐடி போன்ற தானியங்கி அமைப்புகள் அதைக் கண்டுபிடித்துவிடும். ஒலி முடக்கப்படும், அல்லது காணொளியே நீக்கப்படும், அல்லது விளம்பர வருவாய் வேறொருவருக்குப் போகும். 2020இல் ட்விட்ச் என்ற நேரலை ஒளிபரப்புத் தளத்தில் பதிப்புரிமைப் புகார்கள் குவிந்து, ஒளிபரப்பாளர்களின் பழைய பதிவுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. டிஜேக்கள் முறையான உரிமத்தோடு ஒளிபரப்ப அந்தத் தளம் வழி செய்தது 2024இல்தான். அதிலும் நேரலைக்கு மட்டுமே அனுமதி, வருவாயில் ஒரு பங்கு இசை நிறுவனங்களுக்கு. படைத்தவர்களுக்குப் பங்கு போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நானும் டிராக் வெளியிடுகிறவன்தான். மிக்ஸ்கிளவுட் என்ற தளம் உரிமம் பெற்று நீண்ட மிக்ஸ்களுக்கு இடம் தருகிறது. ஆனால் அங்கே எத்தனை பேர் என்னைக் கேட்கிறார்கள் என்று நான் பார்த்த எந்தப் படிவமும் கேட்டதில்லை.

சொந்தப் படைப்பும் இதிலிருந்து தப்புவதில்லை. முறையாக விலை கொடுத்து வாங்கிய சாம்பிள் தொகுப்பிலிருந்து (யாரும் தங்கள் இசையில் சேர்த்துக்கொள்ள விற்கப்படும் ஒலித்துணுக்குகளிலிருந்து) ஒரு தாளத் துணுக்கை எடுத்து டிராக் ஒன்றில் பயன்படுத்தியிருந்தேன். அதே தொகுப்பை வாங்கிய வேறு யாரோ, தன் பாடலை அந்தத் துணுக்கோடு தானியங்கி அமைப்பில் பதிவு செய்திருந்தார். என் டிராக் அவருடையது என்று அறிவிப்பு வந்தது. நான் மறுப்புத் தெரிவித்து, உரிமச் சான்றை இணைத்து, பதிலுக்குக் காத்திருந்து, உரிமை மீண்டு வந்தபோது வெளியீட்டு வாரம் முடிந்திருந்தது. ஒரு டிராக் கவனம் பெற வேண்டிய நாள்கள் அவை. அந்த நாள்களில் என் பக்கத்தில் எண்ணிக்கை ஏன் கூடவில்லை என்று உங்கள் படிவம் கேட்காது.

செட்டைக் காட்ட முடியாது, அடி ஒலியைக் கேட்க வைக்க முடியாது, மெல்ல வளரும் இசைக்கு நேரம் கிடையாது. மிச்சம் என்ன? முகம். கை உயர்த்திய கூட்டம். விளக்கொளியில் திருகப்படும் குமிழ்கள். இவற்றில் தேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் முந்துகிறார்கள். அதுவும் ஒரு திறமைதான். அதைக் கையாளத் தெரிந்த பலர் அருமையான இசைக்கலைஞர்களாகவும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எண்ணிக்கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அதன் விளைவை உங்கள் அரங்குகளிலேயே பார்த்தேன். புதியவருக்கு நீங்கள் தருவது பெரும்பாலும் முதல் மணி நேரம். டிஜே வேலையில் மிகக் கடினமானது அதுதான் என்பது என் எண்ணம். அரங்கு பாதி காலியாக இருக்கும். வந்தவர்கள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது வேகத்தை அடக்கி வைக்க வேண்டும், உச்சமான டிராக்குகளைப் பின்னால் வருபவருக்கு விட்டுவைக்க வேண்டும், பேச்சு தடைபடாத அளவில் ஒலியை வைத்து ஒவ்வொருவராகத் தரைக்கு இழுக்க வேண்டும். கவனித்துக் கேட்பவருக்குத்தான் அந்த வேலை நடப்பதே தெரியும். அந்த நேரத்துக்குப் பின்தொடர்பவர் எண்ணிக்கையால் தேர்வான ஒருவர், தன் காணொளிகளில் வெற்றிபெற்ற உச்ச டிராக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக, யாரும் ஆடத் தொடங்காத தரையில் போட்டுத் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் வெளியே போய் நின்றார்கள். அடுத்து வந்தவர் மறுபடி அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அந்த இளைஞர்மீது நான் குறை சொல்ல மாட்டேன். எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அதையே அவர் செய்தார். பந்தி பரிமாறத் தெரியுமா என்று பார்க்க வேண்டிய இடத்தில் வாசலில் கோலம் போடத் தெரியுமா என்று பார்த்து ஆளைச் சேர்த்தது நீங்கள்.

எண்ணிக்கையை விலைக்கு வாங்க முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். போலிப் பின்தொடர்பவர்களை விற்ற டெவுமி என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு 2019இல் 25 லட்சம் டாலர் தீர்ப்போடு முடிந்தது. அதன் வாடிக்கையாளர்களில் இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். போலியான சமூக ஊடகச் செல்வாக்கை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதியை அதே ஆணையம் 2024இல் கொண்டுவந்தது. ராக் உலகில் 2018இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். திரெட்டின் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் போலி ரசிகர்களையும், இல்லாத ஒரு நிறுவனத்தையும் இணையத்தில் உருவாக்கிக் காட்டி, பிரிட்டன் அரங்குகளில் சுற்றுப்பயணமே ஏற்பாடு செய்துகொண்டார். டிக்கெட்டுகள் விற்றுவிட்டதாக நம்பிக் கதவைத் திறந்தவர்கள் வெற்று அரங்கைத்தான் பார்த்தார்கள். அந்த அரங்கினர் செய்த தவறு எண்ணை நம்பியது. இன்று எங்களிடம் எண்ணைக் கட்டாயமாக்குவதன்மூலம், நேர்மையாக இருப்பவரைப் பின்னுக்குத் தள்ளி, வாங்குகிறவருக்குக் கதவைத் திறக்கிறீர்கள். என்னிடம் சிலர் அக்கறையோடு சொன்ன அறிவுரையே "கொஞ்சம் வாங்கிப் போட்டுவிடு, படிவத்தைத் தாண்டினால் போதும்" என்பதுதான். நான் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை.

ஒப்பந்தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடம் கிடைத்த பிறகும் விவகாரம் முடிவதில்லை. நிகழ்ச்சிக்கு முன் வாரத்துக்கு இத்தனை பதிவுகள் போட வேண்டும், உங்கள் பக்கத்தை இணைக்க வேண்டும், கூட்டம் ஆடும் காணொளி ஒன்று அனுப்ப வேண்டும் என்று நிபந்தனைகள் வருகின்றன. இவை விளம்பர வேலைகள். விளம்பரம் ஏற்பாட்டாளரின் பொறுப்பு. அதற்காகத்தான் வருவாயில் பெரும்பங்கு உங்களுக்குப் போகிறது. தரமான இசையைத் தேடிக் கேட்டுக் கண்டுபிடிப்பதும் உங்கள் பொறுப்பு. இரண்டையும் ஊதியமில்லாமல் எங்கள் தலையில் வைத்துவிட்டீர்கள். ஒரு காணொளியைப் படமெடுத்து, வெட்டி, எழுத்துச் சேர்த்து, கருத்துகளுக்குப் பதில் எழுதி முடிக்கும்போது டிராக் செய்யவென்று ஒதுக்கிய மாலை போய்விடுகிறது. என்னைச் சுற்றியிருக்கும் பலர் இசை செய்யும் நேரத்தைவிட இசை செய்வதுபோல் படமெடுக்கும் நேரம் அதிகமாகிவிட்டது என்று வருந்துகிறார்கள்.

கூட்டக் காணொளி கேட்பதில் இன்னொரு முரணும் இருக்கிறது. பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் வாசலிலேயே கைபேசிக் கேமராக்கள்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார்கள். அந்த வழக்கம் பல கிளப்புகளுக்குப் பரவியிருக்கிறது. ஆடுகிறவர்கள் யார் கண்ணுக்கும் பயப்படாமல் ஆட வேண்டும் என்பது நல்ல எண்ணம், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அப்படி ஒட்டுத்தாள் ஒட்டும் ஏற்பாட்டாளர் ஒருவரே, பிற அரங்குகளில் எனக்கு முன்னால் கூட்டம் ஆடிய காணொளியை அனுப்பச் சொன்னார். படமெடுக்கத் தடையுள்ள இடங்களில்தான் நான் அதிகம் வாசித்திருக்கிறேன். எங்கிருந்து அனுப்புவேன்?

பெண்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கிறது. என் தோழி ஒருவர் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசை வகையை வாசிக்கிறார். தாளங்களைக் கலப்பதில் எங்கள் வட்டத்தில் அவருக்கு நிகரானவர் குறைவு. அவருடைய மிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத ஏற்பாட்டாளர், "காணொளிகளில் முகம் இன்னும் அதிகம் தெரியட்டும்" என்று எழுதினார். முகம் தெரியும் காணொளிகளைப் போட்டபோது வந்த செய்திகளைப் படித்துவிட்டு அவர் கணக்கைப் பூட்டி வைத்தார். பூட்டிய கணக்கின் எண்ணிக்கை வளராது. வளராத எண்ணிக்கைக்கு உங்கள் படிவத்தில் இடமில்லை. துன்புறுத்தலிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டதற்காக அவர் மேடையை இழக்கிறார். இதற்கு நீங்கள் நேரடியாகக் காரணமில்லை என்று சொல்லலாம். ஆனால் அவரை அந்தத் தளங்களுக்குள் தள்ளும் நிபந்தனையை எழுதியது நீங்கள்தான்.

முகம் காட்டாமல் இருப்பது இந்த இசைக்குப் புதிதும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர டெக்னோ குழுவான அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸைச் சேர்ந்தவர்கள் முகத்தை மறைத்தே மேடையேறினார்கள். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இரட்டையர் இருவரும் ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி உலகப் புகழ் பெற்றார்கள். லண்டனின் மின்னணு இசைக்கலைஞர் பெரியல் 2008இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது, அவர் யார் என்று பத்திரிகைகள் தேடிக்கொண்டிருந்தன. அவர் மேடையில் வாசிப்பதுமில்லை. பெயர்கூட அச்சிடாத வெள்ளை லேபிள் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை டிஜேக்கள் வாங்கினார்கள். அந்தத் தலைமுறையிலிருந்து வந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். இணையத்தையும் இந்த இசை நன்றாகவே பயன்படுத்தியது. 2010இல் லண்டனில் ஓர் அறையில் வெப்கேம் ஒன்றை வைத்து பாய்லர் ரூம் என்ற இணைய நேரலை நிகழ்ச்சி தொடங்கியபோது, முழு நீள செட்டை உலகம் உட்கார்ந்து பார்த்தது. இணையத்தில் நீண்ட கவனத்துக்கும் இடமிருந்தது என்பதற்கு அது சாட்சி.

நீங்கள் எங்களை நம்பச் சொல்லும் தளங்களின் ஆயுளையும் எண்ணிப் பாருங்கள். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத்தில் ஏற்றப்பட்ட இசை, சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டது என்று 2019இல் தெரியவந்தது. ஒரு தலைமுறையின் முதல் முயற்சிகள் அத்தோடு போயின. 2020இல் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட நாளில், அங்கே கட்டியிருந்த எண்ணிக்கையெல்லாம் பயனற்றுப் போனது. 2024இல் யுனிவர்சல் மியூசிக்குக்கும் டிக்டாக்குக்கும் உடன்பாடு முறிந்தபோது, பிப்ரவரியிலிருந்து மே வரை அந்த நிறுவனத்தின் இசை இருந்த காணொளிகள் ஊமையாயின. தங்கள் கட்டுப்பாட்டில் துளியும் இல்லாத ஒன்றை வைத்துக் கலைஞர்களை எடைபோடுவது எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

அரங்கை நிரப்ப வேண்டும், வாடகை கட்ட வேண்டும், அதற்கு ஆள்வரவு தேவை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். நிகழ்ச்சி நட்டத்தில் முடிந்தால் அடுத்த நிகழ்ச்சியே இருக்காது என்பதை நான் மறக்கவில்லை. உச்ச நேரத்துக்கு, பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கும் அளவுக்கு அறியப்பட்டவரை அழையுங்கள். அங்கே எண்ணிக்கையையும் பாருங்கள், முந்தைய நிகழ்ச்சிகளின் டிக்கெட் விற்பனையையும் கேளுங்கள். நான் பேசுவது "புதியவர்களுக்கு" என்று நீங்களே அறிவித்துத் திறக்கும் இடங்களைப் பற்றி. ஏற்கெனவே கூட்டம் வைத்திருப்பவர்தான் புதியவராக விண்ணப்பிக்கலாம் என்றால், அந்த அறிவிப்பு ஏமாற்று.

ஆகவே உங்களிடம் இவற்றைக் கேட்கிறேன்.

புதியவர்களுக்கான விண்ணப்பங்களிலிருந்து பின்தொடர்பவர் எண்ணிக்கை வரம்பை நீக்குங்கள். எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமென்றால், மிக்ஸைக் கேட்டு முடிவெடுத்த பிறகு கேளுங்கள். மிக்ஸின் இணைப்பைக் கட்டாயமாக்குங்கள்.

முதல் சுற்றில் பெயர், படம், எண்ணிக்கை எதுவும் தெரியாமல் கேளுங்கள். ஒரு மணி நேரத்தையும் கேட்க இயலாது என்றால், தொடக்கத்தில் சில நிமிடங்களும் நடுவில் தொடர்ச்சியாகப் பதினைந்து நிமிடங்களுமாவது கேளுங்கள். ஒருவர் டிராக்குகளை எப்படிக் கலக்கிறார், எங்கே அடக்குகிறார், எங்கே விடுகிறார் என்பது அதில் தெரிந்துவிடும். கைபேசியில் கேட்காதீர்கள். நல்ல ஒலிபெருக்கியிலோ ஹெட்போனிலோ கேளுங்கள்.

கேட்காத இசையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். எண்ணிக்கை போதாததால் நிராகரித்தீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். தேர்வு அளவுகோல்களை விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே வெளியிடுங்கள்.

விளம்பரப் பதிவுகள் தேவையென்றால் அதற்குத் தனி ஊதியம் கொடுங்கள், அல்லது அந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலிருந்து எடுங்கள். எங்கள் செட்டை உங்கள் கேமராவில், மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த ஒலியோடு பதிவு செய்து, உரிமம் உள்ள தளத்தில் வெளியிட்டு எங்களுக்கும் ஒரு பிரதி தாருங்கள். ஒரு புதியவருக்கு அந்த ஒரு பதிவு பல மாத ரீல்ஸை விடப் பயன்படும்.

முகம் காட்டுவதையோ பொதுக் கணக்கு வைத்திருப்பதையோ யாருக்கும் நிபந்தனையாக்காதீர்கள். உங்கள் நிகழ்ச்சியை அறிவிக்கும் பதிவுகளின் கீழ் கலைஞர்களை இழிவுபடுத்தும் கருத்துகளை நீக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஓர் இடத்தையாவது, முக்கியமாக முதல் மணி நேரத்தை, மிக்ஸைக் கேட்டு மட்டுமே தேர்ந்த ஒருவருக்கு ஒதுக்குங்கள். ஒரு பருவம் முழுவதும் அப்படிச் செய்துவிட்டு, அந்த மணி நேரத்தில் அரங்கு எப்படி இருந்தது என்பதை உங்கள் ஒலிப் பொறியாளரிடமும் வாசலில் நிற்பவர்களிடமும் கேளுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த பருவத்துக்கான விண்ணப்பங்களை அழைப்பதற்கு முன் எல்லாரும் படிக்கும்படி எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மின்னணு இசைக்கலைஞன் ஒருவன்